முதல் வடியும் மறு வடியும்

 

சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில், நீர் ஆவியாவதையும் அந்த ஆவி குளிர்ந்து மீண்டும் நீராவதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். சோற்றுப்பானை மூடியைத் திருப்பினால் அடியில் முத்து முத்தாய் நீர் நிற்கிறதே, அதைத்தான் உதாரணமாகக் காட்டினேன். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "சார், ரெண்டு தடவ காச்சி வடிச்ச சம்சு ஒடம்ப ஒண்ணும் செய்யாதாமே. எங்க மாமா சொன்னாரு. நெசமா சார்?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். "குடி குடியைக் கெடுக்கும், உட்கார்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். அன்று இரவு என் மனம் என்னையே குத்தியது. பையன் கேட்டது வடித்தலைப் பற்றிய கேள்வி. நான் சொன்னதோ ஒரு பழமொழி. கேள்விக்குப் பதில் சொல்லாத ஆசிரியர் கடன்பட்டவர் ஆகிறார். இன்றைய பேச்சு அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது, அது என்னை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னால், ஸ்காட்லாந்து நாட்டு மலைகளுக்கு அழைத்துச் சென்றது.

முதலில் வடித்தல் என்பது என்ன என்று பார்ப்போம். தானியமோ, வெல்லமோ, தென்னம்பாளையோ, எதிலுள்ள இனிப்பானாலும் அது புளிக்கும்போது அதில் சாராயச் சத்து உண்டாகிறது. புளித்த இந்த நீருக்கு ஊறல் என்று பெயர். ஊறலில் பெரும்பகுதி தண்ணீர்தான். நூற்றுக்கு எட்டுப் பங்கு போலத்தான் அதில் சாராயச் சத்து இருக்கும். தண்ணீர் கொதிக்க 100 பாகை வெப்பம் வேண்டும். சாராயச் சத்தோ 78 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே ஊறலை ஒரு மூடிய பானையில் இட்டுச் சூடேற்றினால், முதலில் எழும் ஆவியில் சத்து மிகுந்திருக்கும். அந்த ஆவியைக் குழாய் வழியே செலுத்திக் குளிரவைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். சித்த மருத்துவர்கள் தீநீர் இறக்கப் பயன்படுத்திய வாலை என்னும் கருவியும் இதே முறையில் வேலை செய்வதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சத்து மட்டும் தனியாகப் பிரிந்து வந்துவிடுவதில்லை. தண்ணீரும் கூடவே ஆவியாகிறது. தொடக்கத்தில் வடி வலுவாக இருக்கும். நேரம் ஆக ஆக வலுக் குறைந்துகொண்டே வரும். நூறு லிட்டர் ஊறலில் உள்ள சத்தையெல்லாம் விடாமல் எடுக்க வேண்டுமானால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது முப்பத்து மூன்று லிட்டர் வரை வடித்தாக வேண்டும். அப்படிச் சேர்ந்த வடியில் நூற்றுக்கு இருபத்து நான்கு பங்குதான் சத்து இருக்கும். கலங்கலாகவும், வாடையோடும் இருக்கும். இதுதான் முதல் வடி.

இந்த முதல் வடியை அப்படியே குடிப்பதற்காக யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை ஊறலை வடித்துச் சேர்த்தால், அதே பானை நிறைய முதல் வடி கிடைக்கும். அதை மீண்டும் அதே பானையில் ஊற்றி, இம்முறை சிறு தீயில் மெதுவாக வடிப்பார்கள். இதுவே மறு வடி. முதல் வடியில் நெருப்பு சற்று வேகமாக எரிந்தாலும் பாதகமில்லை. பானை பொங்காமலும் அடிப்பிடிக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும். மறு வடியிலோ பொறுமைதான் முதல் தேவை. ஏனென்றால் அங்கேதான் பிரிக்கும் வேலை நடக்கிறது.

மறு வடியில் இறங்குவதை மூன்று கூறாகப் பிரிப்பார்கள். முதலில் வருவதைத் தலைவடி என்று வைத்துக்கொள்வோம். அதில் மூக்கைத் துளைக்கும் காரமான வாடை இருக்கும். தண்ணீர் சேர்த்துப் பார்த்தால் கலங்கும். கலங்காமல் தெளிந்து நிற்கும் வேளையில் பாத்திரத்தை மாற்றுவார்கள். அது நடுவடி. அதைத்தான் குடிப்பதற்கென்று எடுத்துவைப்பார்கள். வலுக் குறைந்து எண்ணெய்ப் பிசுக்கும் ஈர நாய் வாடையும் வரத் தொடங்கினால் மறுபடியும் பாத்திரத்தை மாற்றுவார்கள். அது கடைவடி. தலைவடியையும் கடைவடியையும் அடுத்த முறை முதல் வடியோடு சேர்த்து மீண்டும் வடிப்பார்கள்.

அன்பர்களே, இந்தக் கலை ஸ்காட்லாந்தில் எப்படி வளர்ந்தது? 1494-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கேடு ஒன்றில், ஜான் கோர் என்னும் துறவிக்கு 'உயிர்நீர்' செய்வதற்காக முளைதானியம் வழங்கப்பட்ட செய்தி பதிவாகியிருக்கிறது. 1505-இல் எடின்பரோ நகரத்தில், இந்த உயிர்நீரைச் செய்து விற்கும் உரிமை நாவிதர்-வைத்தியர் சங்கத்துக்கு அளிக்கப்பட்டது. அக்காலத்தில் சவரம் செய்பவரே அறுவை வைத்தியமும் செய்தார். இது அவருக்கு மருந்துச் சரக்கு. உயிர்நீர் என்பதற்கு அந்த மலைநாட்டு மொழியில் உள்ள சொல்தான் காலப்போக்கில் தேய்ந்து 'விஸ்கி' ஆயிற்று.

மருந்தாக இருந்தது பின்னர் வீட்டுத் தொழிலாயிற்று. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பயிர் செய்த குடியானவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. நிலப்பிரபுவுக்குக் குத்தகை கட்ட வேண்டும். விளைந்த பார்லியைக் குதிரையில் ஏற்றி மலைப்பாதையில் நெடுந்தொலைவு கொண்டுபோய் விற்பதென்றால் கூலிக்கே சரியாகிவிடும். அதையே வடித்துவிட்டால் ஒரு குதிரைச் சுமை போதும். வடித்தபின் மிஞ்சும் சக்கை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனமாகும். ஆகவே குத்தகைப் பணம் பானையிலிருந்துதான் சொட்டியது என்றால் மிகையில்லை. வீட்டுப் பெண்களும் இந்த வேலையில் கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள்.

அரசாங்கத்தின் கண்ணும் இதன்மீது விழுந்தது. 1644-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் முதன்முறையாக இதற்கு வரி விதித்தது. ஆயினும் வீட்டுத் தேவைக்காகச் சிறு பானையில் வடிப்பது நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டே வந்தது. 1779-இல் வீட்டுப் பானையின் அளவை இரண்டு காலனாகக் குறைத்தார்கள். 1781-இல் வீட்டில் வடிப்பதையே முற்றாகத் தடை செய்தார்கள். பாட்டன் காலம் முதல் செய்துவந்த வேலை ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. குத்தகை மட்டும் குறையவில்லை. மலைநாட்டார் என்ன செய்வார்கள்? பானையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்கும் குகைக்கும் போனார்கள்.

இந்த இடத்தில்தான் வரலாறு நமக்கு ஒரு நல்ல பாடத்தை வைத்திருக்கிறது. தாழ்நிலப் பகுதியில் உரிமம் பெற்ற பெரிய ஆலைகள் இருந்தன. அவர்களுக்கு அரசாங்கம் விதித்த வரி, வடித்த சரக்கின் அளவுக்கு அன்று, பானையின் கொள்ளளவுக்கு. 1797-இல் ஒரு காலன் கொள்ளளவுக்கு ஆண்டுக்கு 54 பவுன் என்று அந்த வரி ஏறிற்று. பானைக்குத்தான் வரி என்றால் முதலாளி என்ன நினைப்பார்? இருக்கிற பானையை எத்தனை முறை நிரப்பி வடிக்க முடியுமோ அத்தனை முறை வடிப்போம் என்றுதானே நினைப்பார்? அதற்காகத் தோசைக்கல் போல அகலமும் ஆழமின்மையும் உள்ள பானைகளைச் செய்தார்கள். சில நிமிடங்களிலேயே ஒரு பானை ஊறல் வடிந்து முடிந்தது. அவசரத்தில் தலை எது, நடு எது, கடை எது என்று பிரிக்க ஏது நேரம்? எல்லாம் ஒன்றாய்க் கலந்து கரடுமுரடான சரக்காய் இறங்கியது. அதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்குப் போய், மீண்டும் வடிக்கப்பட்டு, வாசனை ஏற்றப்பட்டு, ஜின் என்ற பெயரில் விற்பனையாயிற்று.

மலைமேல் ஒளிந்திருந்த குடியானவனுக்கோ பானைவரி கிடையாது. இரவு முழுவதும் அவனுக்கு இருந்தது. சிறு செப்புப் பானையில், கரிமண் தீயில், முதல் வடியும் மறு வடியுமாய் நிதானமாக இறக்கினான். ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட சரக்கு மட்டமாகவும், சட்டத்துக்குப் புறம்பான சரக்கு தரமாகவும் இருக்கும் விந்தை நிகழ்ந்தது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் திருட்டுத்தனமாக வடித்த விஸ்கியையே கேட்டு வாங்கிக் குடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் தலைவரே சட்டத்தை மீறிய சரக்கைக் கேட்டார்!

அந்தக் காலத்துக் கலால் அதிகாரிகளின் பாடும் எளிதன்று. ஸ்காட்லாந்தின் பெருங்கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1789 முதல் கலால் அதிகாரியாகப் பணியாற்றியவர்தான். திருட்டுப் பானையைக் காட்டிக்கொடுப்போருக்குச் சன்மானம் உண்டு. பானையில் விலை அதிகமான பகுதி, ஆவியைக் குளிர்விக்கும் செப்புச் சுருள்குழாய். அந்தக் குழாய் தேய்ந்து ஓட்டையாகிவிட்டால், மலைநாட்டான் தானே போய் "இன்ன குகையில் ஒரு பானை இருக்கிறது" என்று துப்புக் கொடுத்து, சன்மானத்தை வாங்கிப் புதுக் குழாய் வாங்கிக்கொள்வானாம். இப்படி ஒரு கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது.

அடக்குமுறையால் முடியாததைக் கடைசியில் நியாயமான சட்டம் முடித்தது. 1823-ஆம் ஆண்டின் கலால் சட்டம், ஆண்டுக்குப் பத்துப் பவுன் உரிமக் கட்டணம், வடித்த அளவுக்குத் தக்க வரி என்று ஏற்பாடு செய்தது. பானைக்கு வரி இல்லாததால் அவசரம் தேவையில்லை. மெதுவாக இருமுறை வடித்தாலும் நட்டமில்லை. மறு ஆண்டே, 1824-இல், கிளென்லிவெட்டில் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் உரிமம் பெற்றார். அக்கம்பக்கத்துத் திருட்டு வடிப்பாளர்கள் ஆலையைக் கொளுத்திவிடுவதாக மிரட்டினார்கள். அவர் சில காலம் இடுப்பில் கைத்துப்பாக்கியுடனே நடமாட வேண்டியிருந்தது.

அயர்லாந்து நாட்டிலும் இதே போராட்டம் நடந்தது. அங்கே ஏனியஸ் காஃபி என்று ஒரு கலால் அதிகாரி. 1810-இல் டொனிகால் பகுதியில் திருட்டுப் பானைகளைத் தேடிப் போனபோது ஒரு கூட்டம் அவரைத் தாக்கியது. மண்டை உடைந்தது, தொடையில் துப்பாக்கி ஈட்டி பாய்ந்தது. பிழைத்தெழுந்த அந்த மனிதர் பிற்காலத்தில் வேலையை விட்டு விலகி, 1830-இல் ஒரு புதிய வடிகலனுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உயர்ந்த தூண்கள் போன்ற கருவி அது. ஒரு பக்கம் ஊறல் இடைவிடாமல் உள்ளே போகும். மறுபக்கம் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட வலுவுள்ள சத்து இடைவிடாமல் வெளியே வரும். முதல் வடி, மறு வடி என்ற இரண்டு வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும். குடியானவர்களை விரட்டிப் பிடித்தவரே குடியானவரின் பானையைப் பழையதாக்கும் இயந்திரத்தையும் செய்தார். ஆனாலும் ஸ்காட்லாந்தின் முளைதானிய விஸ்கியைச் செம்புப் பானையில் இருமுறை வடிக்கும் வழக்கம் இன்றுவரை மறையவில்லை.

வடித்த சரக்கின் வலுவை அக்காலத்தில் எப்படி அளந்தார்கள் தெரியுமா? வெடிமருந்தில் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார்கள். பற்றிக்கொண்டால் வலுவுள்ளது, நமுத்துப்போனால் தண்ணீர் கலந்தது. 1816-இல் சைக்ஸ் என்பவரின் மிதவைமானி சட்டப்படியான அளவுகோலாயிற்று. மிதவைமானி நமக்குப் புதிதன்று. ரப்பர் ஸ்டோரில் கிராணியார் பாலில் ஒரு கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்ப்பாரே, அந்த மெட்ரோலாக்கும் இதன் உறவுதான். பாலில் தண்ணீர் கலந்தால் அது காட்டிக்கொடுப்பதுபோல, சாராயத்தில் தண்ணீர் கலந்தால் இதுவும் காட்டிக்கொடுக்கும்.

இனி நம் பக்கம் வருவோம். மலாயாவில் தோட்டங்களை நடத்திய கம்பெனிகளில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். 1821-இல் சிங்கப்பூரில் வாணிகம் தொடங்கிய அலெக்ஸாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரர்தான். துரைமார் பங்களா வராந்தாவில் விஸ்கியும் சோடாவும் கலந்து குடித்ததற்கு 'ஸ்தெங்கா' என்று பெயர். 'பாதி' என்று பொருள்படும் மலாய்ச் சொல்லின் திரிபு அது. பங்களாவில் இருமுறை வடித்த விஸ்கி, லயத்துக்குக் கள்ளுக்கடை. கள்ளுக்கடையைத் தோட்டத்திலேயே வைத்தார்கள். வாங்கிய கூலி மாலைக்குள் திரும்பி வந்துவிடும். இது நல்லதன்று என்று உணர்ந்தவர்கள் அன்றே இருந்தார்கள். சிலாங்கூர் கடலோரப் பகுதிகளில் கள்ளினால் விளைந்த கேடுகளை விசாரிக்க அமைந்த ஆணையத்தின் அறிக்கை 1917-இல் வெளிவந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள். போருக்குப்பின் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். கூலி கேட்ட அதே வாயால் கடையை மூடு என்றும் கேட்டவர்கள் நம் முன்னோர். அதை நாம் மறக்கலாகாது.

கள்ளுக்கு அடுத்தபடியாகத் தோட்டங்களில் புகுந்தது சம்சு. இந்தச் சொல், மூன்று முறை காய்ச்சி வடித்தது என்னும் பொருளுடைய சீனச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பெயரளவில் பார்த்தால், பையனின் மாமா சொன்னதைவிட ஒரு படி அதிகம்! ஆனால் பெயரில் இருப்பது போத்தலிலும் இருக்கிறதா என்பதே கேள்வி.

இப்போது அந்தப் பையனுக்குப் பதில் சொல்கிறேன். தம்பி, இருமுறை வடித்தால் என்ன ஆகும்? வலு ஏறும். வாடை குறையும். பொறுமையோடு தலையையும் கடையையும் பிரித்தால் கரடு குறையும். மறு வடி செய்வது அவ்வளவுதான். சாராயச் சத்து அப்படியே இருக்கும். சொல்லப்போனால் ஒரு கோப்பையில் முன்பைவிட அதிகமாகவே இருக்கும். ஈரலைக் கெடுப்பதும், மதியை மயக்குவதும் அந்தச் சத்துதான். இரண்டாவது வடி அதை எடுத்துவிடுவதில்லை; திரட்டித் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. மெத்தனால் என்னும் நஞ்சு ஒன்று இருக்கிறது. பார்வைக்கும் வாடைக்கும் சாராயம் போலவே இருக்கும். தானிய ஊறலிலும் கள்ளிலும் அது மிக மிகக் குறைவாகவே உண்டாகும். கூட்டம் கூட்டமாக மக்கள் மடிந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அது ஊறலிலிருந்து வந்ததன்று. தொழிற்சாலைக்கு உரிய மலிவான மெத்தனாலை யாரோ பேராசையால் கலந்துவிட்டதனால் வந்தது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இவ்விதமே. மாண்டவர்களில் பலர், நம் முன்னோரைப் போலவே பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள். "முதலில் சொட்டுவதைக் கீழே ஊற்றிவிட்டால் மெத்தனால் போய்விடும்" என்று சிலர் சொல்வதுண்டு. அதை நம்ப வேண்டாம். மெத்தனால் 65 பாகை அளவில் கொதிப்பது உண்மையே. ஆனால் சாதாரணப் பானையில் அது வரிசையில் நின்று முதல் ஆளாக வெளியேறிவிடுவதில்லை. சாராயத்தோடு கலந்தே முதலிலிருந்து கடைசிவரை வரும். கலந்த நஞ்சை இருமுறை அல்ல, மும்முறை வடித்தாலும் வீட்டுப் பானையால் பிரிக்க இயலாது.

பானையும் நஞ்சாகும். அமெரிக்காவில் திருட்டுச் சாராயம் வடித்தவர்கள் ஆவியைக் குளிர்விக்கப் பழைய கார் ரேடியேட்டர்களைப் பயன்படுத்தினார்கள். அதன் பற்றவைப்பில் இருந்த ஈயம் சரக்கில் இறங்கிப் பலரை நோயாளியாக்கியது. எத்தனை முறை வடித்தால் என்ன, வடிக்கிற குழாயிலேயே நஞ்சு இருந்தால்? நம் நாட்டில் உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது 1976-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தனால் நஞ்சு உடனே தெரியாது. குடித்தவர் தூங்கி எழுந்தபின், பல மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் தோன்றும். "கண் மங்குகிறது, பனி மூடியதுபோல் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், போதை என்று எண்ணிப் படுக்க வைத்துவிடாதீர்கள். ஏசிக்கொண்டும் நிற்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போத்தலில் மிச்சம் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது. நேரத்துக்குப் போனால் கண்ணும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும். வெட்கத்துக்கு அஞ்சித் தாமதித்த வீடுகளில்தான் விளக்கு அணைந்திருக்கிறது.

அன்பர்களே, மலைநாட்டுக் குடியானவனின் பானையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சாராயம் அன்று, அவனுடைய பொறுமை. கிடைத்ததையெல்லாம் அப்படியே ஏற்காமல், தலையைத் தள்ளி, கடையை ஒதுக்கி, நடுவை மட்டும் எடுத்துக்கொண்டானே, அந்தப் பக்குவம். காதில் விழும் சொல்லையும் அவ்விதமே இருமுறை வடித்துப் பார்க்க வேண்டும். "மாமா சொன்னாரு" என்பது முதல் வடி. அது உண்மைதானா என்று கேட்பது மறு வடி. அன்று வகுப்பில் எழுந்து நின்ற பையன் அதைத்தான் செய்தான். சிரித்தவர்கள் நாம்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அப்படி ஏதேனும் கேட்டால், பழமொழியைச் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். தேடவும் செய்யுங்கள்.